கோடு போட்ட சட்டை

ஒரு காஸ்ட்யூமரின் பெயரை நான் கெடுத்தேன். அவர் செய்யாத தவறை அவர்தான் செய்தார் என்று படப்பிடிப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன். செய்தவன் நான். சொல்லும்போதே அது எனக்குத் தெரியும். மறந்துபோய்ச் சொன்னதாகவோ குழப்பத்தில் சொன்னதாகவோ எழுதினால் இன்னொரு பொய் ஆகிவிடும்.

ஆலங்குடிக்குப் பக்கத்துக் கிராமம் என்னுடையது. புதுக்கோட்டையில் கல்லூரி முடித்து, சரித்திரத்தில் மேல்படிப்பும் முடித்துவிட்டு, வாத்தியார் வேலைக்குப் போகாமல் சினிமாவுக்குப் போனேன். உதவி இயக்குநராகச் சேர்ந்து, துணை இயக்குநராகி, ஐம்பது வயதுக்கு மேல் இணை இயக்குநராக நின்றுவிட்டேன். யூனிட்டில் கோ-டைரக்டர் என்பார்கள். என் வயதில் பாதிகூட ஆகாதவர்கள் இயக்குநர் நாற்காலியில் உட்காருவார்கள். நான் பக்கத்தில் நிற்பேன். அவர்கள் என்னை 'சார்' என்று கூப்பிட்டது மரியாதைக்காகத்தான். ஆனாலும் எனக்கு அது குத்தும்.

இணை இயக்குநரின் வேலை என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. இயக்குநர் படத்தைத் தலையில் வைத்திருப்பார். அவர் தலையில் வைத்துக்கொள்ள வேண்டாதது எல்லாம் எங்கள் தலையில் இருக்க வேண்டும். எந்தக் காட்சியை எந்த நாள் எடுக்கிறோம், யார் யார் வேண்டும், கிளாசில் காப்பி எவ்வளவு இருந்தது, வாட்ச் எந்தக் கையில் இருந்தது. படம் திரையில் ஓடுகிற வரிசையில் எடுக்கப்படுவதில்லை. ஒருவன் கோபத்தில் வீட்டை விட்டு வெளியே வருகிறான் என்றால், வீடு ஓரிடத்தில் இருக்கும், அவன் நடக்கும் பாதை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும், நடுவில் பத்துப் பதினைந்து நாள் ஓடியிருக்கும். பார்ப்பவனுக்கு அது ஒரு எட்டு. வாசலில் எடுத்த கால் பாதையில் விழும். அந்த ஒரு எட்டுக்குள் தலைமுடியோ சட்டையோ மாறினால் படம் சிரிப்பாகிவிடும். இதைத்தான் கன்டினியூட்டி என்போம். அதைப் பார்த்துக்கொள்வது இயக்குநர் பிரிவின் பொறுப்பு. அதற்கென்று ஒரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பக்கம். எழுத்தும் இருக்கும், செல்போனில் எடுத்து அச்சிட்டு ஒட்டிய படமும் இருக்கும். நான் சொல்லவந்த படப்பிடிப்பில் அந்தப் புத்தகம் என் தோள்பையில் இருந்தது.

காஸ்ட்யூமரின் வேலை துணியைக் காப்பாற்றுவது. கன்டினியூட்டிச் சட்டையைத் துவைக்கக்கூடாது. அன்று இருந்த கசங்கல், காலர் அழுக்கு, அக்குளில் வியர்வைக் கறை எல்லாம் அப்படியே மறுபடியும் வந்து நிற்க வேண்டும். ஆனால் எந்தச் சட்டை என்று முடிவு செய்வது அவர் இல்லை. காலையில் அவர் வந்து கேட்பார், நாங்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வோம். நாங்கள் சொல்லாமல் ஒரு துணிகூட நடிகர் உடம்பில் ஏறக்கூடாது. எல்லா யூனிட்டிலும் இதுதான் முறை. முறைப்படி பார்த்தால், சட்டை மாறினால் குற்றம் எங்களுடையது.

அந்தக் காஸ்ட்யூமருக்குப் பொன்னமராவதிப் பக்கம். துணி தேய்க்கிற வேலைக்கென்று சென்னைக்கு வந்து, உதவியாளாகவே இருபது வருடம் ஓட்டியவர். நம் மாவட்டத்துக்காரர் என்று நான்தான் அந்தப் படத்துக்குச் சொல்லிவிட்டேன். தனியாகப் பொறுப்பெடுத்த முதல் படம் அவருக்கு அதுதான். 'உடைகள்' என்று போட்டு அதற்குக் கீழே அவர் பெயர் மட்டும் வரும். அதைப் பற்றி அவர் பேசாத நாள் இல்லை.

"டைட்டில்ல என் பேரு தனியா வருது சார். பொன்னமராவதி தியேட்டர்ல எம் பொண்டாட்டி வீட்டு ஆளுக மொத்தமும் டிக்கெட் எடுக்கப் போறாக. தேய்ப்புக்காரனுக்குப் பொண்ணக் குடுத்துட்டமேன்னு எங்க மச்சான் இன்னமும் சொல்லிட்டு இருக்காரு. அவரப் பக்கத்துலயே உக்கார வச்சிப் பாக்கணும்."

"முழுப் படத்தையும் பாக்கச் சொல்லுய்யா. டைட்டில் முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிரப்போறாரு" என்று நான் கிண்டல் செய்வேன்.

"போனாப் போறாரு சார். எனக்கு டைட்டில் போதும்."

அந்தப் படத்தில் தம்பி பாத்திரம் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறும் காட்சி ஒன்று. வீட்டுக்குள் நடப்பதைத் திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் எடுத்தோம். வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியூரில் இருந்தார்கள்; காவலுக்கு இருந்தவர் சாவி கொடுத்தார். அவன் வெளியே வந்து நடப்பதைப் பதினோரு நாள் கழித்து ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக்காட்டில் வைத்திருந்தோம். தம்பியாக நடித்தவர் கொஞ்சம் பெரிய நடிகர். அவர் கொடுத்த தேதிகள் அந்த நாளோடு முடிந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திருச்சி விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். அடுத்த படத்துக்குத் தாடி வளர்க்கப்போவதாகவும் சொல்லியிருந்தார். அதாவது அந்த முகம் மறுபடியும் எங்களுக்குக் கிடைக்காது.

முந்தின நாள் தயாரிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த படம் நீங்க பண்றீங்க சார்" என்று சொல்லியிருந்தார். ஐம்பத்தொன்பது வயதில் அதைக் கேட்டேன். மறுநாள் காலை முந்திரிக்காட்டில் நான் நின்ற நிலையே வேறாக இருந்திருக்கும். யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொன்னேன். இயக்குநர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணி இருக்கும். காஸ்ட்யூமர் இரண்டு ஹேங்கர்களைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து வந்தார். இரண்டும் நீலச் சட்டை. ஒன்று கட்டம் போட்டது, ஒன்று கோடு போட்டது.

"சார், கன்டினியூட்டி எது சார்?"

"கோடு."

அவர் போகவில்லை. "கட்டம்னு எனக்கு ஒரு ஞாபகம் சார். நம்ம உதவியாளு போன்லதான் போட்டோ இருக்கு, அவன் துணி எடுக்க மெட்ராஸ் போயிட்டான். இங்கிட்டு டவரும் கெடைக்கல. புக்க ஒரு தடவ பாத்துருவமா?"

பை என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஜிப்பை இழுத்தால் போதும்.

"நீ இஸ்திரிப் பெட்டியத் தூக்குறதுக்கு முன்னாடியே நான் கிளாப் அடிச்சவன்யா. கோடுதான். போய்ப் போட்டு விடு."

அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்குத்தான் சார் ஒங்ககிட்ட கேக்குறது" என்று சொல்லிவிட்டுப் போனார். சுற்றிலும் யாரும் இல்லை. லைட்மேன்கள் தெர்மாகோலைக் கட்டிக்கொண்டு தூரத்தில் இருந்தார்கள்.

காட்சி நன்றாக வந்தது. காய்ந்த முந்திரி இலைகள் காலில் நொறுங்க நடிகர் நடந்துவந்ததை ஒளிப்பதிவாளர் இரண்டு தடவை தானே கேட்டு வாங்கி எடுத்தார். எல்லோரும் கை தட்டினோம். சாப்பாடு முடிந்து நடிகர் போனார். நான்கு மணிக்கு, அங்கேயே மடிக்கணினி வைத்துக்கொண்டு காட்சிகளை ஒட்டிப்பார்க்கும் எடிட்டர் இயக்குநரைக் கூப்பிட்டார். வாசலில் கட்டம், காட்டில் கோடு.

இயக்குநர் கோபக்காரர் அல்ல. அன்று அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யாரு பாத்தது இத?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தயாரிப்பாளர் பத்தடி தள்ளி நாற்காலியில் இருந்தார். நான் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பக்கத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கட்டம் என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். படமும் ஒட்டியிருந்தேன்.

"புக்ல கரெக்டா இருக்கு சார்" என்று இயக்குநரிடம் நீட்டினேன். "கட்டம்னுதான் சொல்லிவிட்டேன். காஸ்ட்யூம்ல மாத்திட்டாங்க."

புத்தகத்தில் நான் எதையும் திருத்தவில்லை. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. சரியாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தைக் காட்டியே ஒருவரைக் குற்றவாளியாக்க முடிந்தது.

காஸ்ட்யூமரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் மானிட்டரைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இணை இயக்குநர் சொன்னதை இயக்குநர் முன்னால் மறுத்துப் பேசுகிற வழக்கம் எந்த யூனிட்டிலும் கிடையாது. நானே ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. நான் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைக்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

"மொதப் படம்னு சொன்னாங்க. மொதப் படத்துலயே இப்படியா?" என்றார் இயக்குநர்.

"சாரி சார்" என்றார் அவர்.

தயாரிப்பாளர் எழுந்து வந்து, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி மேனேஜரிடம் சொன்னார். நடிகர் போயாகிவிட்டது, யாரையாவது அனுப்பியாக வேண்டும். வெயில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காஸ்ட்யூமர் கிளம்புவதற்கு முன்னால் காஸ்ட்யூம் வண்டிக்குள் போய், ஒவ்வொரு ஹேங்கரிலும் காட்சி எண்ணைச் சீட்டில் எழுதிக் குத்தினார். அடுத்து வருகிறவன் தடுமாறக்கூடாதாம். மேக்கப்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் திணித்ததையும் பார்த்தேன். கம்பெனி வேன் அவரை ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு வந்தது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் புதுக் காஸ்ட்யூமர் வந்தார். அதற்கு மறுநாள் சொல்வதற்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. நாட்கள் ஏறஏறத் தவறின் கனமும் ஏறிக்கொண்டே போனது.

படம் வந்தது. முந்திரிக்காட்டு நடையை வெட்டிவிட்டு, 'அவன் போயிட்டாம்மா' என்று அண்ணன் சொல்வதாக ஒரு வசனம் சேர்த்திருந்தார்கள். யாருக்கும் குறை தெரியவில்லை. 'உடைகள்' என்ற இடத்தில் பாதியில் வந்தவரின் பெயர் இருந்தது. தயாரிப்பாளர் அதற்குப் பிறகு படமே எடுக்கவில்லை. எனக்குச் சொன்ன படம் அவரோடு போயிற்று. அந்தப் படம் எனக்குக் கிடைத்திருந்தால் இவ்வளவு வருத்தப்பட்டிருப்பேனா என்று என்னையே கேட்டிருக்கிறேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்தேன். காஸ்ட்யூமர் மறுபடி யாரிடமும் தனியாகப் படம் வாங்கவில்லை என்றும், கன்டினியூட்டியில் கோட்டை விடுகிற ஆள் என்று சென்னையில் பேச்சு ஓடியதென்றும், ஒரு வருடத்தில் ஊருக்கே போய்விட்டார் என்றும் பழைய யூனிட்காரர் ஒருவர் சொன்னார். கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

போன வருடம் ஒரு மத்தியானம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். நான் உட்கார்ந்து டைட்டிலைப் பார்த்தேன். இணை இயக்கம் என்று என் பெயர் தனியாக வந்தது. கொஞ்ச நேரத்தில் உடைகள் என்று வந்தது. டிவியை அணைத்துவிட்டு இயக்குநருக்குப் போன் செய்தேன். இப்போது பெரிய ஆள், ஆனாலும் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தச் சட்டை சார்?" என்றார்.

மறுபடியும் சொன்னேன்.

"அப்படி ஒண்ணு நடந்துச்சா? எனக்கு ஞாபகமே இல்ல சார். எடிட்டிங்ல நீளம்னுதானே அத வெட்டினோம்? விடுங்க சார். ஒடம்ப எப்படி வச்சிருக்கீங்க?"

ஒரு மனிதனின் பிழைப்பு போன நாள், அதற்குத் தீர்ப்புச் சொன்னவருக்கே நினைவில் இல்லை. பிறகு நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, உடை அலங்காரக்காரர்களின் சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புதுக்கோட்டையில் பஸ் மாறிப் பொன்னமராவதிக்குப் போனேன்.

காஸ்ட்யூமர் அங்கே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கடை வைத்திருந்தார். நாலைந்து மிஷின்களில் பெண்கள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேஜையில் காக்கித் துணியை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க. இங்கிட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் கோடு போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் ஒரு கால்சட்டையின் அளவு முழுவதையும் வரைந்து முடித்தார்.

"இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே சார்" என்றார். "எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்றீங்க."

சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸ விட்டேன் சார். நீங்க சொல்லிருவீங்க, வேன் திரும்பி வரும்னு. மூணாவது பஸ்லதான் ஏறினேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவரை நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியா பஸ் ஏறிருவீங்க. எனக்கு அது வாயில வரல சார், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு செய்ங்க. தெரியாதவுகளுக்குச் சொல்லுங்க. வீடு பின்னாடிதான். வாங்க."

அவர் மனைவி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "சென்னையில கோ-டைரக்டரா இருந்தாரே, அவரு. ஒனக்கு ஒண்ணு சொல்லணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நிலைப்படியில் நின்றுகொண்டார். அன்று இரண்டாவது தடவையாக நான் சொன்னேன். இது முதல் தடவையைவிடக் கடினமாக இருந்தது. அந்த அம்மாள் புளிக் கையைத் துடைக்காமல் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தார்.

"இத நீங்க அப்பவே சொன்னீக."

"சொன்னேன்."

"ரெண்டு தடவ சொன்னீக. தப்புப் பண்ணினவுக எல்லாரும் அடுத்தவனத்தானே சொல்லுவாகன்னு நான் சொன்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அதுக்கப்புறம் இவரு அந்தப் பேச்சே எடுக்கல சார். எங்க அண்ணன் இருக்காரே, எந்த விசேசத்துக்குப் போனாலும் இவரப் பாத்து, 'மாப்ள, சட்டைய மாத்திப் போட்டுட்டு வந்துட்டீகளா'ம்பாரு. பந்தியில நாலு பேரு சிரிப்பாக. நானும் சேந்து சிரிச்சிருக்கேன். எம் புருசன் எங்கிட்டப் பொய் சொன்னாருன்னே நெனச்சு இத்தன வருசம் குடும்பம் நடத்திருக்கேன்."

"சரி, விடு" என்றார் அவர்.

"எத விடச் சொல்றீக?" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை; என் மேல் மட்டும் இல்லை.

நகல் பையில் இருந்தது. எடுத்து அந்த அம்மாளிடம் கொடுத்தேன். முழுவதும் வாசித்தார். கையெழுத்து யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். புளிக் கறை படியாமல் இரண்டு விரலால் பிடித்து, அலமாரியில் ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வைத்தார். சாப்பிடுகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வந்தவரைக் கேட்காமல் அனுப்புகிற ஊர் இல்லை அது. நான் கிளம்பினேன். காஸ்ட்யூமர் கடைவாசல் வரை கூட வந்தார்.

"தெரிஞ்ச யூனிட் ஒண்ணு வருது, சொல்லி விடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். ஜூன் வருது. இவுக நாலு பேரும் இந்த மிஷின நம்பி இருக்காக. பாத்துப் போங்க."

சங்கத்திலிருந்து இன்று வரை பதில் இல்லை. அவரும் போன் செய்யவில்லை. செய்வார் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

இருபது நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. வயதான குரல். பொன்னமராவதியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். தங்கச்சி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, பேரன் காதுகுத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்த இடத்தில் வாசித்துவிட்டது என்றார். அதில் என் போன் எண் இருந்ததால் கூப்பிட்டாராம்.

"அந்தக் காயிதம் நீங்க எழுதினதுதானா?"

"ஆமாங்க."

"மெரட்டி எழுதி வாங்கிட்டாகளோன்னு பாத்தேன்."

"இல்லீங்க. நடந்தது அதுதான்."

லைன் போய்விட்டதோ என்று செல்போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"அன்னிக்கு மாப்ள வந்திருந்தாரு" என்றார். "வாசிக்கறப்ப எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. நான் அவர எத்தன பந்தியில, எத்தன பேரு முன்னாடி…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, "நீங்க போனப்ப மாப்ளகிட்ட எப்படி மன்னிப்புக் கேட்டீக? மொதல்ல என்ன சொன்னீக?" என்று கேட்டார்.

நின்றபடியே சொன்னேன் என்றேன். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

"அத நான் எதிர்பாக்கல" என்றார். "கடை எத்தன மணிக்குத் தொறப்பாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

உள்ளூரில் இருக்கிற தன் தங்கை கணவரின் கடை திறக்கிற நேரத்தை ஆலங்குடியில் இருக்கும் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சரி, நாளைக்குக் காலையில் போய் நிற்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.